வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் கறை: ஆப்ப சோடாவா, பிளீச்சா, எலுமிச்சையா?

மழைக்காலம் முடிந்ததும் மொட்டை மாடியிலும் போர்டிகோவிலும் கிடந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். கால்களின் உட்பக்கம் கரும்பச்சைப் பாசி படிந்திருக்கும். கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு, உட்காரும் இடத்தில் டீக்கறை, தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் உப்புத் திட்டு. இத்தனைக்கும் ஒரே டப்பா போதும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கறை எதனால் வந்தது என்று பார்த்துதான் மருந்தை எடுக்க வேண்டும்.

முதல் கட்டத்தில் போட்டியே கிடையாது. பாத்திரம் கழுவும் லிக்விடை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, தேங்காய் நாராலோ நைலான் பிரஷாலோ தேய்த்துக் கழுவுங்கள். தூசியும் பிசுக்கும் போன பிறகுதான் உண்மையான கறை எது என்று தெரியும்.

அடுத்து வருவது ஆப்ப சோடா. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, கறை மேல் பூசி, கால் மணி நேரம் கழித்து ஈரத் துணியால் தேய்த்தால் டீக்கறையும் கை அழுக்கும் நன்றாகவே விடும். அதன் துகள் மென்மையானது, அதனால் அழுக்கைச் சுரண்டினாலும் பிளாஸ்டிக்கில் பெரிதாகக் கீறல் போடாது. கல் மாவு கலந்த பாத்திரப் பவுடரும் ஸ்டீல் ஸ்கிரப்பரும் இதற்கு நேர் எதிர். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். விழுந்த கீறல்களில் அடுத்த மழைக்கு அழுக்கு இன்னும் ஆழமாக ஏறும். இந்த இரண்டையும் நாற்காலிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சோடாவோடு வினிகரைக் கலந்தால் இரட்டைப் பலன் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் வேலை நடப்பது போலத்தான் இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல்தான். இரண்டையும் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

பாசிக்கும் பூஞ்சைக்கும் மட்டும் சோடா போதாது. மேலே உள்ளது போனாலும் சொரசொரப்பான இடுக்கில் உயிரோடு இருப்பது சில வாரத்தில் திரும்ப வளரும். இங்கே பிளீச்தான் ஜெயிக்கிறது. கடையில் கிடைக்கும் திரவ பிளீச்சில் பொதுவாக 4 முதல் 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற வெளுக்கும் மருந்து இருக்கும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் போதும். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரும் உதவும். அதைக் கரைத்துத் தெளியவைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு படிந்து புதுக் கறை ஆகிவிடும். பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது. கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்கள்.

அதே பிளீச் துருக்கறையில் படுதோல்வி. இரும்புச்சத்து உள்ள போர் தண்ணீர் தேங்கியோ, இரும்பு மேசைக் கால் உரசியோ வரும் செம்பழுப்புக் கறையில் பிளீச் பட்டால் நிறம் இன்னும் அழுத்தமாகலாம், ஏனென்றால் அது இரும்பை மேலும் துருவாக்கத்தான் செய்யும். இங்கே எலுமிச்சைதான் சரி. சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் துருவைக் கரைத்தெடுக்கும். கல்லுப்பு சேர்த்துத் தேய்க்காமல், சாற்றில் நனைத்த துணியை அரை மணி நேரம் கறை மேல் போட்டு வையுங்கள். உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைத் திட்டுக்கும் இதே வழி, வினிகரும் ஆகும்.

இதில் விளையாடக் கூடாத இடம் ஒன்று உண்டு. பிளீச் போட்ட நாற்காலியை நன்றாக அலசாமல் அதன் மேல் எலுமிச்சை, வினிகர், டாய்லெட் கிளீனர் எதையும் ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைத் தாக்கும். பாசியும் துருக்கறையும் சேர்ந்தே இருந்தால் இரண்டு வேலையையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்தூள் கறைக்குச் செலவே இல்லை. விசேஷ வீட்டில் சாம்பார் சிந்திய நாற்காலியை சோப்பு போட்டுக் கழுவும்போது கறை சிவந்தால் பயப்பட வேண்டாம், சோப்பில் உள்ள காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். கழுவிவிட்டு நல்ல வெயிலில் கறை மேலே பார்க்கும்படி வையுங்கள். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்து வெளுத்துவிடும். அப்புறம் நிழலுக்கு எடுத்துவிடுங்கள், பிளாஸ்டிக்குக்கு வெயில் ஆகாது.

நிற நாற்காலி என்றால் எந்த மருந்தையும் முதலில் அடிப்பக்கம் ஓர் ஓரத்தில் போட்டுப் பாருங்கள்.

எதைப் போட்டாலும் வெளுக்காத நாற்காலியும் உண்டு. விரலால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினால், வருஷக்கணக்கில் வெயில் பட்டு நாற்காலி செய்த பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கின் மேல்பரப்பு சிதைந்துவிட்டது என்று அர்த்தம். நுண்ணிய வெடிப்புகளில் அழுக்கு புகுந்திருக்கும், கழுவக் கழுவப் பொடிதான் உதிரும். பெயிண்ட் அடிக்கலாமே என்றால், இந்த பிளாஸ்டிக்கில் அதற்கான பிரைமர் இல்லாமல் பெயிண்ட் பிடிக்காது. பொடி உதிர்வதோடு காலில் விரிசலும் தெரிந்தால், வயதானவர்களை அதில் உட்காரவிடாதீர்கள், சட்டென்று முறியும். பூந்தொட்டி வைக்க ஆகும். வேண்டாமென்றால் பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிடலாம்.