இரட்டைத் தட்டு கிளட்ச்: பிடி கூடியது, மிதி கனக்கவில்லை

டர்போ பூஸ்ட்டை ஏற்றி டியூன் செய்த பிறகு என் ஸ்போர்ட்ஸ் காரின் பழைய கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. நான்காவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறும், வண்டி அதே வேகத்தில் கிடக்கும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கிய ஒற்றைத் தட்டு கிட் மலிவுதான். ஆனால் கூட்டிய அழுத்தம் நேராக இடது காலுக்கு வந்து சேரும். கிளட்ச் தாங்கும் டார்க் என்பது உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, தட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை ஆகியவற்றின் பெருக்கல். இரட்டைத் தட்டில் முகங்கள் 2-க்குப் பதில் 4. மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் பிடி இரு மடங்கு. அதற்காகவே இதை வாங்கினேன், சொன்னபடி வேலை செய்கிறது. வழுக்கல் அறவே நின்றுவிட்டது. நெரிசலில் கால் வலிப்பதில்லை.

முகங்கள் கூடினால் தட்டைச் சிறிதாக்கலாம் என்பது இன்னொரு லாபம். போர்ஷே கரேரா ஜிடி-யின் செராமிக் இரட்டைத் தட்டு கிளட்ச் வெறும் 169 மி.மீ. விட்டம்தான். என் கிட்டிலும் தட்டுகள் பழையதைவிடச் சிறியவை, என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனச்சக்கரமான ஃபிளைவீலும் லேசானது. கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே போதும், என்ஜின் துள்ளி எழுகிறது. அந்த ஒரு சுகத்துக்கே காசு தகும்!

சத்தம் உண்டு. அதிர்வை உள்ளே விழுங்கிக்கொண்டிருந்த பழைய டூயல் மாஸ் (இரண்டு பாகமான) ஃபிளைவீல் போய்விட்டதால், நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடக்கிறது. கிளட்சை மிதித்தால் அது நிற்கும், அப்புறம் இரண்டு உராய்வுத் தட்டுகளுக்கும் இடையில் இருக்கும் நடுத்தட்டு கலகலக்கும். எனக்குப் பழகிவிட்டது. அமைதியான கார் வேண்டுபவர் இதை வாங்க வேண்டாம்.

தட்டுகள் ஆர்கானிக் வகை, அதாவது நாரும் பிசினும் கலந்த உராய்வுப் பொருள். உலோகத் தூளை அழுத்திச் சுட்ட சின்டர்டு மெட்டல் அதிகச் சூடு தாங்கும், ஆனால் கிளம்பும்போது வெடுக்கென்று பிடிக்கும். சாலையில் ஓட்ட ஆர்கானிக்தான் சரி. முதல் 800 கி.மீ. பொறுமையாக, அடிக்கடி கியர் மாற்றி ஓட்டிப் பதப்படுத்தினேன்.

என் பெரிய குறை ஒன்றே. மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியே கிளட்சுக்குக் கடத்தும் ஹைட்ராலிக் பக்கம் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. என் காரின் கிளட்ச் லைனில் எண்ணெய் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் டிலே வால்வு இருந்தது. மிதியை எவ்வளவு வேகமாக விட்டாலும் கிளட்ச் மெதுவாகத்தான் பிடிக்கும், அந்த இடைவெளியில் புதுத் தட்டு வீணாகத் தேயும். அதைக் கழற்றி, ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டு, புது டாட் 4 பிரேக் எண்ணெய் ஊற்றிக் காற்றை எடுத்த பிறகுதான் கிட்டின் முழு அருமை தெரிந்தது. கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிய செலவு. அதனால் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஃபிளைவீல் போல்ட் எல்லாவற்றையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். என் கிட்டில் போல்ட் வரவில்லை, தனியாக வாங்க வேண்டியிருந்தது.