சட்டி அடிக்கிற பக்கமாக நில்லுங்கள்

போன வாரம் ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பையன் இயர்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணே, நீங்க சொன்னீங்களே அந்தக் காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கேட்டேன். பரவாயில்ல, ஆனா ஒரே இரைச்சலா இருக்கு" என்றான். கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்து பாடும் சென்னைக் குழு அது. கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. பிரியாணியைப் போட்டோவில் பார்த்துவிட்டு உப்பு கம்மி என்று சொல்வது மாதிரிதான் இது. அவனுக்கு டீக்கடையில் வைத்துச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் கானா கேட்டு வளர்ந்தவன் இல்லை. வளர்ந்தது அயனாவரம், ஆனால் காது மட்டும் எங்கேயோ இருந்தது. காலேஜில் ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்தேன் (மொத்தம் மூன்று நிகழ்ச்சி, அதில் ஒன்றில் கரண்ட் போய்விட்டது). சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழாவில் நடக்கும் ராக் ஷோதான் எங்களுக்குத் திருவிழா. 2009-இல் அங்கே ஸ்வீடன் மெட்டல் பேண்டான ஓபெத் வந்தபோது ஓப்பன் ஏர் தியேட்டரில் தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருத்தன். உள்ளூர் என்றால் ஜங்க்யார்ட் க்ரூவ், ஸ்க்ராட், அப்புறம் எஃப்16ஸ். எல்லாம் நல்ல பேண்டுகள், இன்றைக்கும் கேட்பேன். ஆனால் எல்லாருமே இங்கிலீஷில் பாடினார்கள், அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் விடிய விடிய மரண கானா ஓடும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேஸ் பிராக்டிஸ் பண்ணுவேன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம், சிஎஸ்ஐ பெயின் ஸ்கூல் மைதானம். நண்பன் ஒருத்தன் இழுத்துக்கொண்டு போனான், டிக்கெட் கிடையாது என்பதால் நானும் போனேன். மேடையில் கோட் சூட் போட்டுக்கொண்டு ஒரு கும்பல். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேர் என்றார்கள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து திரட்டிய ஆட்கள். கானா பாடகர்கள், ராப் பாடுகிறவர்கள், ஒரு ராக் டிரம்மர், கிட்டார், அவர்களுக்குப் பக்கத்திலேயே பறை, தவில், சட்டி, அடிச்சத்தம் கொடுக்கும் கட்டமோளம். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைச் சாதியற்ற தமிழர்களாகப் பதிந்துகொள்ளச் சொன்ன அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து. பெயரை இங்கிலீஷில் வைத்தது எனக்கு முதலில் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

நான் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு அம்மா, இடுப்பில் குழந்தை. "இன்னா தம்பி, ஓரமா நில்லேன், கொயந்தைக்குத் தெரியல பாரு" என்றார். ராக் ஷோவில் இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. அங்கே பின்னால் நிற்பவன் முட்டியால் இடிப்பான், அவ்வளவுதான். சரி என்று இடது பக்கமாக ஒதுங்கினேன். ஒதுங்கியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அந்தப் பக்கம்தான் சட்டி அடிக்கிறவர்கள்.

சட்டியைப் பக்கத்தில் நின்று கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? சின்ன வாத்தியம்தான், குச்சியால் அடிப்பது. ஆனால் மேலே இருக்கும் மற்ற எல்லாச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வரும். ராக்கில் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் செய்கிற வேலை என்ன? ஒரு பதற்றத்தை உண்டாக்கி அதை விடாமல் பிடித்துவைப்பது. அதை இங்கே சட்டி செய்கிறது, கரண்ட் இல்லாமல், பெடல் இல்லாமல். குத்தின் நடை மூன்று மூன்றாக உருளும், ராக் பழகிய என் கால் நான்குக்குத் தட்டும், இரண்டும் சுற்றிவந்து ஒரே இடத்தில் விழுகிற அந்த நொடியில் கட்டமோளம் வயிற்றில் வந்து இடிக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு நான் கேட்காமல் விட்டது இதைத்தான் என்று அன்றைக்கு உறைத்தது. அதைக் கேட்க ஓபெத் வரைக்கும் போய்ச் சுற்றிவந்திருக்கிறேன்.

பாட்டுகள் பற்றி. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழி மரணம், ஆணவக்கொலை, எதையும் விடவில்லை. இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் இரண்டு பட்டது. கானாக்காரனுக்கே உரிய நக்கல் இருக்கிறதே, எதிராளியைத் திட்டாமல் கேள்வி கேட்டே மடக்குவது, அந்த வழியில் போகும் பாட்டுகள்தான் இவர்களின் உச்சம். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது சுருக்கென்று தைக்கும். கோஷமாக மாறும் பாட்டுகள் மேடையில் நன்றாகத்தான் இருக்கின்றன, கூட்டம் சேர்ந்து கத்துகிறது, ஆனால் மறுநாள் மனதில் நிற்பதில்லை. அதேபோல் சில பாட்டுகளில் கிட்டார் சும்மா ஓரத்தில் நின்று ஒரே வரியை இழுத்துக்கொண்டிருக்கிறது. முன்னாள் பேஸ் வாசிப்பாளன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இசைவாணியைத் தனியாகச் சொல்லவேண்டும். கானா என்றால் ஆம்பளைகள் பாடுவது என்று எல்லாரும் நினைத்திருந்த இடத்தில், இந்தக் குழுவில் இருந்த ஒரே பெண். பிபிசி 2020-இல் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதற்கு முன்னாலேயே, மைக்கைப் பிடித்து முதல் வரியை இழுத்ததுமே கூட்டத்தில் இருந்த பெண்கள் பக்கம் எழுந்த சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்தப் பட்டியல் ஒன்றும் ஆச்சரியமாக இருந்திருக்காது.

இனி போனில் கேட்பது. வேண்டாம். குறைந்தபட்சம் முதல் தடவை வேண்டாம். போன் ஸ்பீக்கருக்குக் கட்டமோளத்தின் அடிச்சத்தத்தைத் தூக்கும் சக்தியே கிடையாது. மேலே மிஞ்சுவது சட்டியும் கிட்டாரும், இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குச் சண்டை போடும், அதைத்தான் என் ஆபீஸ் பையன் இரைச்சல் என்றான். ரெக்கார்டிங்குகளில் இந்தச் சண்டையைத் தீர்க்க எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மழுங்கடித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். கேட்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் பல் பிடுங்கிய பாம்பு. நல்ல ஹெட்போனில் கேட்டால் பாதி தேறும். வார்த்தைகளைப் புரிந்துகொள்ள மட்டும் ரெக்கார்டிங்தான் நல்லது, மேடையில் ராப் வரும் இடங்களில் எனக்குப் பாதி பிடிபடவில்லை.

ஆனால் லைவ் என்றால் எல்லா லைவும் இல்லை. இவர்கள் கிளப்பிவிட்ட சூட்டில் நகரத்தில் கானாவையும் ராக்கையும் கலக்கும் சின்னச் சின்னக் குழுக்கள் முளைத்தன. அப்படி ஒன்றைப் பார்க்க ஒரு பப்புக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஆயிரத்துச் சொச்சம் கவர் சார்ஜ். மேசைக்கு மேசை நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள், எழுந்து நின்றால் பவுன்சர் வந்து தோளைத் தொடுகிறார். சவுண்ட் பார்த்த ஆள் கிட்டாருக்கு இரண்டு மைக் வைத்தார், சட்டிக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. "அது தானாவே சத்தமா இருக்கும் சார்" என்று விளக்கம் வேறு. முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு அது யாரோ பக்கத்து அறையில் பாத்திரம் கழுவுவது மாதிரிதான் கேட்டது. அந்தப் பணத்துக்கு வந்த பொட்டேட்டோ ஃப்ரைஸும் ஆறிப்போயிருந்தது. இந்த இசைக்கு மைதானம் வேண்டும், இல்லாவிட்டால் தெரு வேண்டும், நிற்க இடமும் ஆட இடமும் வேண்டும்.

அந்த வகையில் சிறந்த வாய்ப்பு மார்கழியில் மக்களிசை. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கியது. மயிலாப்பூரும் தி.நகரும் சபா கேன்டீன் வாசனையோடு மூழ்கிக் கிடக்கும் அதே மாதத்தில், அந்த மாதத்தின் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டு, கானா, ஒப்பாரி, பறை, ஹிப்ஹாப் என்று நாள்கணக்கில் நடக்கும். 2021-இல் மதுரைக்கும் கோவைக்கும்கூடப் போனது. எனக்கு இதில் பிடித்தது கானா இல்லை, ஒப்பாரி. வயதான பெண்கள், எந்த மேடைப் பழக்கமும் காட்டாமல் நின்று குரலை எடுத்ததும், என் பக்கத்தில் போனில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவன் போனைக் கீழே இறக்கினான். ஒரு தடவை மேடைக்குப் பின்புறம் வழி தவறிப் போய், நாலைந்து பேர் பழைய பேப்பரைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தோல் சூடேறி விறைக்க விறைக்கச் சத்தம் மாறுவதை விரலால் தட்டித் தட்டிச் சோதித்தார்கள். நாங்கள் ட்யூனர் பெடலில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்போமே, அதே முகம்.

குழுவைப் பின்தொடர்வதில் உள்ள பெரிய சிரமம் காத்திருப்பதுதான். மாதா மாதம் பாட்டு வரும், ஷோ வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். திடீரென்று இரண்டு நாள் முன்னால் இன்ஸ்டாகிராமில் போஸ்டர் வரும், அன்றைக்கு உங்களுக்கு மச்சான் கல்யாணம் இருக்கும். ஆட்களும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. குழுவில் ராப் பாடிய அறிவு 2019-இலேயே இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து தெருக்குரல் ஆல்பம் போட்டுத் தனி வழி கண்டுவிட்டார், டென்மா சினிமாவுக்கு இசையமைக்கப் போனார். முதல் வருடம் பார்த்த பத்தொன்பது பேரையும் அதே வரிசையில் திரும்பப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை நான் விட்டுவிட்டேன். அதனால் குழுவின் பெயரை மட்டும் தேடாமல் ஆட்களைத் தேடுங்கள். டென்மாவும் பாடகர் கபேர் வாசுகியும் சேர்ந்திருந்த குரங்கன் பேண்டின் பாட்டுகளைப் பின்னோக்கிப் போய்க் கேளுங்கள், இந்தக் கலவைக்கு முன்னால் சென்னைத் தமிழ் ராக் எங்கே நின்றது என்று புரியும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஆறு மணி என்று போட்டிருந்தால் இவ்வளவு வாத்தியத்துக்கும் சவுண்ட் செக் முடிய ஏழாகும், ஆனாலும் ஆறுக்கே போங்கள், இடம் கிடைக்காது. ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள், மறுநாள் காது கொய்ங் என்கும். பஞ்சோ இயர்ப்ளக்கோ எடுத்துப் போங்கள். அம்மா அப்பாவைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். என் அம்மாவை ஒருமுறை கூட்டிப்போனேன். பத்து நிமிஷம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நம்ம பக்கத்துத் தெருவுல பாடுறதுதானடா, இதுக்கா இவ்ளோ தூரம்?" என்றார். ஆனால் கடைசிப் பாட்டு வரைக்கும் கிளம்பவில்லை.

ஆபீஸ் பையனை அடுத்த மார்கழிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். இயர்ப்ளக் அவன் செலவு.