விளை (எங்க ஊர்ல தோட்டத்துக்கு சொல்ற பேரு) மண்ணுல கதிரியக்கம் எவ்ளோன்னு லேப்ல குடுத்து பார்த்தோம், அந்த அனுபவம்

எங்க விளை மணவாளக்குறிச்சி பக்கம், கடல்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர் கூட வராது, மட்டி வாழையும் தென்னையும் தான். மழை பெஞ்சு தண்ணி ஓடுன தடத்துல கருப்பு மணல் கோடு கோடா படிஞ்சு கிடக்கும், அதுல இல்மனைட்ங்கிற கனிமத்தோட மோனசைட்ங்கிற கனிமமும் உண்டு, மோனசைட்ல தோரியம்ங்கிற கதிரியக்க உலோகம் உண்டு, இது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இந்த வருஷம் தங்கச்சி பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தா. அம்மா ஒரு நாள் கேட்டாங்க, "மக்களே, நம்ம விளையில விளையுறத இவளுக்கு தைரியமா குடுக்கலாமா?"ன்னு. எனக்கு பதில் தெரியல.

முதல்ல ஆன்லைன்ல கதிர்வீச்சு பார்க்க கையில பிடிக்கிற மீட்டர் ஒண்ணு வாங்கினேன். அதை உரம் வெச்சிருக்க ஷெட்டுக்கு கொண்டு போனதும் பொட்டாஷ் மூட்டை பக்கத்துல டிக் டிக்னு வேகமா அடிக்க ஆரம்பிச்சிட்டு, வீடே பயந்துட்டு. அப்புறம் தான் புரிஞ்சுது, இயற்கையில இருக்க எந்த பொட்டாசியத்துலயும் 0.0117 சதவீதம் கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40 இருக்கும், ஒரு கிலோ பொட்டாஷ்ல சுமார் 15,000 பெக்கரல் வரும் (செகண்டுக்கு ஒரு அணு சிதைஞ்சா ஒரு பெக்கரல்), நம்ம உடம்புக்குள்ளயே 4,000 பெக்கரலுக்கு மேல இருக்கு. அந்த மீட்டர் எண்ணிக்கை மட்டும் தான் சொல்லும், எதுல இருந்து வருதுன்னு சொல்லாது. மண்ணுக்கு அதை நம்பி வாங்காதீங்க.

அதனால காமா ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதாவது எந்த பொருள்ல இருந்து எவ்ளோ கதிர் வருதுன்னு பிரிச்சு பார்க்குற டெஸ்ட், பண்ற ஒரு லேப்ல குடுத்தோம். குறையும் சொல்லப் போறேன், அதனால பேரு போடல. மண்ணு எடுக்குற விதத்தை போன்லயே பொறுமையா சொல்லித் தந்தாங்க, புல்லை செதுக்கிட்டு 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, அஞ்சாறு இடத்துல எடுத்து கலந்து, நாலா பிரிச்சு எதிரெதிர் பங்கை தள்ளி கடைசில ஒரு கிலோ. நேர்ல போனப்ப உள்ள கூட்டிட்டு போய் காட்டினாங்க. மண்ணை அடுப்புல காய வெச்சு சலிச்சு பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு, மூடி சுத்தி டேப் ஒட்டி, மேல மார்க்கர்ல தேதி எழுதி அலமாரியில வரிசையா வெச்சிருந்தாங்க. ஒரு மாசம் அப்படியே இருக்கணுமாம். முதல்ல எரிச்சலா தான் இருந்துச்சு, ஆனா காரணம் சரியான காரணம். மண்ணுல இயற்கையா இருக்க ரேடியம்ங்கிற கதிரியக்க பொருள்ல இருந்து ரேடான் வாயு வரும், அதோட பாதி ஆயுள் (இருக்கதுல பாதி சிதைய ஆகுற நேரம்) 3.8 நாள், அது வெளிய போகாம அடைச்சு வெச்சு சமநிலைக்கு வந்தா தான் ரேடியம் அளவு சரியா கிடைக்கும். இன்னொரு இடத்துல ரெண்டே நாள்ல தர்றேன்னாங்க, அங்க குடுத்திருந்தா ரேடியம் குறைச்சலா தான் காட்டியிருக்கும்.

ரிசல்ட் கிலோவுக்கு ரேடியம் 38, தோரியம் 142, பொட்டாசியம் 290 பெக்கரல். உலக சராசரி ரேடியம் சுமார் 32, தோரியம் 45, பொட்டாசியம் 420, அப்போ நம்ம மண்ணுல தோரியம் மட்டும் மூணு மடங்கு. மூணையும் ரேடியத்துக்கு சமமா மாத்தி ஒரே எண்ணா கூட்டுற ரேடியம் ஈக்விவேலன்ட் கணக்கு போட்டா 263, வரம்பு 370.

என் வருத்தம் இங்க தான். ரிப்போர்ட்ல ஒரு டேபிள், கீழ "வரம்புக்குள் உள்ளது"ன்னு ஒரு வரி, அவ்ளோ தான். அந்த 370 கட்டட பொருளுக்கு வெச்ச அளவு, அந்த மண்ணுல விளையுறத சாப்பிடலாமான்னு கேக்குறவங்களுக்கு அது பதிலே இல்ல. விளக்கம் கேட்டு மூணு தடவை போன் பண்ணேன், எடுக்கல. கடைசில தெரிஞ்ச பிசிக்ஸ் சார் ஒருத்தர் தான் உக்கார வெச்சு சொன்னார், தோரியம் மண்ணை இறுக்கி பிடிச்சிருக்கும், வேர் வழியா ரொம்ப கம்மியா தான் ஏறும், ரேடியம் தான் கால்சியம் மாதிரி நடந்துக்கும், அதனால செடிக்குள்ள ஏறுறதுக்கு வாய்ப்பு உண்டு, நம்ம மண்ணுல அது சராசரிக்கு பக்கத்துல தான் இருக்குன்னு. வெளிய நடமாடுறதுல வர்ற டோஸ் (உடம்பு வாங்குற கதிர்வீச்சு அளவு) வருஷத்துக்கு சுமார் 0.14 மில்லிசீவர்ட், உலகத்துல ஒரு ஆளுக்கு இயற்கையா கிடைக்கிறது மொத்தம் 2.4. இதைவிட ரொம்ப கூடுதலா இருக்க கேரளா கருநாகப்பள்ளி கரையில 69,958 பேரை சராசரியா பத்து வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து 2009ல வெளியிட்ட ஆய்வுல கூட, அந்த கதிர்வீச்சால கேன்சர் கூடுனதா தெரியலன்னு சொன்னார். ஆனா கருப்பு மணலை அள்ளி வீட்டு தரைக்கு நிரப்பாத, ரேடான் வாயு தேங்காம ஜன்னல திறந்து வைன்னு கண்டிப்பா சொன்னார்.

இதை லேப்லயே பத்து நிமிஷம் சொல்லியிருந்தா அம்மா ஒரு வாரம் தூங்காம இருந்திருக்க மாட்டாங்க. இந்த டெஸ்டுக்கு ஒரு லோடு தொழுவுரம் வாங்குற காசு ஆச்சு, அந்த காசுக்கு அதுவும் சேர்த்தி தானே.

அளவெடுக்குற வேலைக்கு 5க்கு 5, விளக்கத்துக்கு 1. தங்கச்சிக்கு மட்டி பழம் தினமும் குடுக்குறோம். அடுத்து கிணத்து தண்ணிய குடுக்கப் போறேன், அதே லேப்ல தான், ரிப்போர்ட் தரும்போது விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேணும்னு இப்பவே எழுதிக் குடுத்துட்டேன்.