லேபிள் கையில இருக்கு, அப்புறம் கிளஸ்டரிங் எதுக்கு? தேயிலை போட்டோவை வெச்சு ஒரு அலசல்

தேயிலை இலைய போட்டோ எடுத்து ஒவ்வொண்ணுக்கும் கொப்புள நோய், செஞ்சிலந்தி, பனியில கருகினது, நல்ல இலைன்னு லேபிள் போட்டு வெச்சாச்சு. இப்ப அத கிளஸ்டரிங்ல, அதாவது லேபிளப் பாக்காம ஒண்ணுக்கொண்ணு ஒத்த போட்டோவ கூட்டமா சேக்கற கே-மீன்ஸ் மாதிரி முறைல போட்டுப் பாக்கறதா, இல்ல நேரா லேபிள வெச்சுக் கத்துக்கிட்டு புதுசுக்குப் பேர் சொல்ற ஒரு கிளாஸிஃபையர ட்ரெயின் பண்றதா? கோத்தகிரி, குன்னூர் பக்கம் ப்ராஜெக்ட் பண்ற பசங்க அடிக்கடி கேக்கற கேள்வி. என் பதில் இதுதான்: நாளைக்கு வர்ற புது இலைக்கு நோய் பேர் சொல்லணும்னா கிளாஸிஃபையர்தான், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா நீங்க எடுத்த போட்டோவும் போட்ட லேபிளும் நம்பற மாதிரி இருக்கான்னு பாக்கணும்னா, ட்ரெயினிங்குக்கு முன்னாடி கிளஸ்டரிங் கண்டிப்பா ஓட்டணும். ரெண்டும் ஒரே வேலைக்குப் போட்டி போடற ஆளுங்கன்னு நினைக்கறதுலதான் குழப்பமே வருது.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியணும்னா ஐரிஸ் பூ டேட்டாவ எடுத்துக்கோங்க. 1936ல ஃபிஷரோட பேப்பர்ல வந்தது, 3 வகைப் பூ, வகைக்கு 50, ஒவ்வொரு பூவுக்கும் 4 அளவு. லேபிள மறைச்சுட்டு மூணு கூட்டமா பிரின்னு கே-மீன்ஸ் கிட்ட சொன்னா செடோசா 50ம் சுத்தமா தனியா வந்துடும். மத்த ரெண்டுலதான் தகராறு: வழக்கமா வர்ற விடைல 48 வெர்சிகலரோட 14 வெர்ஜினிகாவும் ஒரே கூட்டத்துல போய் சேர்ந்துக்கும், மிச்ச கூட்டத்துல 36 வெர்ஜினிகாவும் 2 வெர்சிகலரும். ஆக 150ல 16 இடம் மாறிடுச்சு. அதே டேட்டாவ லேபிளோட எல்டிஏ (லீனியர் டிஸ்கிரிமினன்ட் அனாலிசிஸ்)ங்கற கிளாஸிஃபையருக்குக் குடுத்தா 3 பூதான் தப்பா போகும். ட்ரெயின் பண்ண டேட்டாலயே டெஸ்ட் பண்ற மார்க்கு கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கும், ஆனாலும் எவ்ளோ தூரம்னு புரியுதுல்ல. எல்டிஏ எந்தத் திசைல பாத்தா வகைங்க பிரியுதுன்னு லேபிள வெச்சுத் தேடுது, கே-மீன்ஸுக்கு அந்தத் தகவலே கிடையாது, எது எதுக்குப் பக்கத்துல இருக்குன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். எல்லா அளவையும் ஒரே வீச்சுக்கு ஸ்கேல் பண்ணிட்டு ஓட்டுன்னு எல்லா டுட்டோரியல்லயும் சொல்வாங்க, ஐரிஸ்ல ஸ்கேல் பண்ணா கே-மீன்ஸ் இன்னும் மோசமாத்தான் வரும், ஏன்னா வகையப் பிரிக்க அவ்வளவா உதவாத புறவிதழ் அகலத்துக்கும் சம மரியாதை கிடைச்சுடுது.

சரி, நம்ம தோட்டத்துக்கு வருவோம், விஷயம் இங்கதான் இருக்கு. போட்டோவ ரெஸ்நெட்-50 மாதிரி ஏற்கனவே படங்கள்ல ட்ரெயின் ஆன நியூரல் நெட்வொர்க்ல விட்டா ஒரு இலைக்கு 2048 நம்பர் வரும், அத நம்பர்களச் சுருக்கற பிசிஏங்கற முறைல ஒரு 50க்குக் குறைச்சுட்டு கே-மீன்ஸ்ல 4 கூட்டம் கேக்கறோம்னு வெச்சுக்கோங்க. கூட்டமும் லேபிளும் ஓரளவுக்கு ஒத்துப்போகும், உடனே சந்தோஷப்பட்டுடாதீங்க. கொப்புள நோய் மழையும் மூடுபனியும் விடாம இருக்கற மாசத்துல கொழுந்துல வர்ற பூஞ்சை, அந்த நேரத்துல எடுத்த போட்டோல வெளிச்சம் சாம்பலா, இலை மேல தண்ணியா இருக்கும். செஞ்சிலந்தி வெயில் காலத்து ஆளு, பெரும்பாலும் முத்தின இலையோட மேல்பக்கத்துல உக்காந்து சாறு உறிஞ்சி இலைய செம்பு நிறமாக்கும், அந்தப் போட்டோல பளிச்னு வெயில் அடிக்கும். பனியில கருகினது டிசம்பர், ஜனவரில விடியக்காலைல எடுத்ததா இருக்கும். அதாவது நோய், மாசம், வெளிச்சம், இலையோட வயசு எல்லாமே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது. கே-மீன்ஸ் பிரிச்சது நோயயா, இல்ல மூடுபனிய வெயில்லேர்ந்து பிரிச்சுதா?

கிளாஸிஃபையருக்கும் இதே ஆபத்து உண்டு, ஆனா அது வெளில சொல்லாது. சாம்பல் வெளிச்சம்னா கொப்புளம்னு கத்துக்கிட்டு டெஸ்ட்ல நல்ல மார்க்கு வாங்கிடும், அடுத்த வருஷம் ஜூலை மழைல எடுத்த நல்ல இலையக் காட்டினா கொப்புளம்னு சொல்லும். கிளஸ்டரிங் இங்க உதவறது எப்படின்னா, ஒவ்வொரு கூட்டத்துலேர்ந்தும் கொஞ்சம் போட்டோவ எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, கூடவே கூட்ட நம்பர லேபிளோட மட்டும் இல்லாம மாசத்தோட, தோட்டத்தோட, எந்த போன்ல எடுத்ததுங்கறதோடயும் டேபிள் போட்டுப் பாருங்க. லேபிள விட மாசத்தோட நல்லா ஒத்துப்போச்சுன்னா உங்க டேட்டா என்ன பேசுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப செய்ய வேண்டியது அல்காரிதத்த மாத்தறது இல்ல, மழைல நல்ல இலையயும் வெயில்ல முத்தாத கொழுந்தையும் போய் போட்டோ எடுக்கறது. ட்ரெயின், டெஸ்ட்னு பிரிக்கும்போதும் ஒரே செடியோட போட்டோ ரெண்டு பக்கமும் போகாத மாதிரி தோட்டம் தோட்டமா பிரிங்க.

லேபிள மறைச்சு மொத்தமா கிளஸ்டர் பண்றத விட எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரே லேபிளுக்குள்ள கிளஸ்டர் பண்றது. கொப்புள நோய்னு ஒரே பேர் போட்டிருப்பீங்க, ஆனா ஆரம்பத்துல அது வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாத்தான் தெரியற சின்ன மங்கல் புள்ளி, அப்புறம் மேல குழிஞ்சு அடிப்பக்கம் வெள்ளையா உப்பின கொப்புளம், கடைசில பழுப்பாக் காஞ்ச ஓட்டை. மூணும் மூணு முகம். ஆரம்பப் புள்ளி போட்டோ அந்த லேபிள்ல மிச்சத்தோட சேராம நல்ல இலைக்குப் பக்கத்துலயே ஒதுங்கி நிக்கும், விவசாயிக்கு மருந்து அடிக்க உதவற நேரம் அதுதானே, அதத்தான் மாடல் கோட்டை விடும். கிளஸ்டரிங்ல அந்தக் கூட்டம் தனியா தெரிஞ்சா லேபிள ரெண்டாவோ மூணாவோ பிரிச்சு ட்ரெயின் பண்ணலாம். இதுக்கு வார்ட் முறை ஹையரார்க்கிகல் கிளஸ்டரிங் (சின்னக் கூட்டங்கள ரெண்டு ரெண்டா சேத்துக்கிட்டே போறது) நல்லா இருக்கும், எத்தன கூட்டம்னு முன்னாடியே முடிவு பண்ணாம கிளைப்படத்தப் பாத்து வெட்டிக்கலாம்.

நெருக்கமா இருக்கற புள்ளிகளக் கூட்டமா சேக்கற டிபிஸ்கேன்ங்கற இன்னொரு கிளஸ்டரிங் முறை 1996ல வந்தது, எத்தன கூட்டம்னு சொல்லவே வேண்டாம், எதுலயும் சேராதத நாய்ஸ்னு ஒதுக்கிடும். ரெண்டு தரம் பதிவான போட்டோ, கை மட்டும் விழுந்த போட்டோ, தேயிலையே இல்லாத போட்டோ எல்லாம் கண்டுபிடிக்க சௌகரியம். ஆனா நெருக்கமான கூட்டமும் விலகின கூட்டமும் கலந்திருந்தா ஒரே தூர அளவு ரெண்டுக்கும் பொருந்தாது, 2048 நம்பர்ல நேரா விட்டா தூரமெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும், முதல்ல குறைச்சுக்கோங்க. தப்பு லேபிள் தேடறதுக்கு மட்டும் கேட்டா கிளஸ்டரிங்க விட கிராஸ் வேலிடேஷன் (டேட்டாவ பங்கு பங்கா பிரிச்சு, ஒரு பங்க ஒதுக்கிட்டு மிச்சத்துல ட்ரெயின் பண்றது) பண்ணின கிளாஸிஃபையரையே நான் நம்புவேன், தான் பாக்காத போட்டோவுக்கு அது அடிச்சுச் சொல்ற விடையும் உங்க லேபிளும் மோதினா அந்தப் போட்டோவத் திறந்து பாருங்க.

கிளஸ்டரிங்குக்கு மார்க்கு போடறதுல ஒரு எச்சரிக்கை. ப்யூரிட்டிய (ஒவ்வொரு கூட்டத்துலயும் அதிகமா இருக்கற லேபிளோட போட்டோ எல்லாம் சேந்து மொத்தத்துல எவ்ளோ பங்குங்கறது) நம்பாதீங்க, கூட்டத்த ஏத்திக்கிட்டே போனா அதுவும் ஏறும், போட்டோவுக்கு ஒரு கூட்டம்னு வெச்சா 1 வந்துடும். கூட்டமும் லேபிளும் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு அளக்கற அட்ஜஸ்டட் ராண்ட் இண்டெக்ஸ் தற்செயலா ஒத்துப்போறதக் கழிச்சுடும், முழுசா ஒத்துப்போனா 1, சும்மா கண்ணை மூடிப் பிரிச்சா 0 பக்கம் நிக்கும், ஐரிஸ்ல மேல சொன்ன கே-மீன்ஸுக்கு 0.73. சில்லவுட்னு இன்னொரு மார்க்கு லேபிளயே பாக்காது, கூட்டம் கச்சிதமா இருக்கான்னு மட்டும் சொல்லும், மூடுபனியும் வெயிலும் அழகாப் பிரிஞ்சாலும் அது நல்ல மார்க்கே குடுக்கும்.

கடைசியா, லேபிள் கொஞ்சம், போட்டோ நிறையன்னா? கூடலூர், மஞ்சூர்னு சுத்தி குவிச்சுட்டு நோய் தெரிஞ்சவர உக்கார வெச்சு எல்லாத்துக்கும் பேர் போட முடியாது. இங்கதான் ரெண்டையும் சேக்கலாம், லேபிள் இருக்கற போட்டோவோட சராசரிய ஆரம்பப் புள்ளியா வெச்சு கே-மீன்ஸ் ஓட்டற முறை இருக்கு, சீடட் கே-மீன்ஸ்னு பேர். இல்லன்னா முதல்ல கிளஸ்டர் பண்ணிட்டு ஒவ்வொரு கூட்டத்துலேர்ந்தும் நடுவுல இருக்கறது கொஞ்சம், ஓரத்துல இருக்கறது கொஞ்சம்னு எடுத்து அவர்கிட்டக் குடுங்க, அவர் நேரமும் வீணாகாது, லேபிளும் ஒரே மாதிரி இலைக்கே திரும்பத் திரும்பப் போகாது. அப்படி வாங்கின லேபிள வெச்சு கிளாஸிஃபையர ட்ரெயின் பண்ணுங்க.