செட் மாத்திரை: வலிக்கு 5 நட்சத்திரம், எனக்கு 1

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்குப் பக்கத்து மெடிக்கலில் "இடுப்பு வலிக்கு ஒரு செட்" என்று கேட்டால், மூன்று விதமான மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். 20 ரூபாய். நான் எழுதுவது அதிலிருந்த மஞ்சள் மாத்திரையைப் பற்றி.

வலி கேட்கும், அதில் குறையே சொல்ல முடியாது. பவர் டேபிளில் ஒண்ணரை ஷிப்ட் குனிந்து தைத்துவிட்டு எழுந்தால் நிமிராத இடுப்பு, டீ குடித்து முடிப்பதற்குள் லேசாகிவிடும். ஆர்டர் நெருக்கடி வேறு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஐந்து வாரம் விழுங்கினேன்.

அப்புறம் சோற்றைக் கண்டாலே குமட்டல். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. உள்ளங்கை அரித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து டேபிள் அக்காதான், "ஏங் கண்ணு, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குது?" என்றார். அம்மா உடனே கீழாநெல்லி அரைக்க உட்கார்ந்துவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 640. சுமார் 40-க்குள் இருக்க வேண்டியது. காமாலைக் கிருமி எதுவும் இல்லை. என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் உறையை நீட்டினேன். கத்தரித்த அட்டையில் பெயரின் வால் மட்டும் இருந்தது: "சுலைடு". தலை வேறு யாருடைய உறையிலோ போயிருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதோடு போய்விட்டது.

அது நிமெசுலைடு. கூடவே 325 மில்லிகிராம் பாராசிட்டமால். அந்த அளவு பாராசிட்டமால் இப்படிச் செய்யாது, நிமெசுலைடு மேல்தான் சந்தேகம் என்றார் டாக்டர். எல்லோருக்கும் வராதாம், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாதாம். எனக்குத்தான் அந்தக் குலுக்கல் சீட்டு விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இதற்கு அனுமதியே கிடைத்ததில்லை. அயர்லாந்தில் கல்லீரல் செயலிழந்த நோயாளிகள் வந்த பிறகு 2007-ல் விற்பனையை நிறுத்தினார்கள். இத்தாலியில் இன்றும் உண்டு, ஆனால் ஐரோப்பாவில் 15 நாளுக்கு மேல் கூடாது. நான் 35 நாள்! நம் நாட்டில் 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு 2011-லேயே தடை.

மெடிக்கல் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷர்தான், ராத்திரி பத்தரைக்கும் கடனுக்கு மருந்து கொடுப்பவர். "சீட்டு யாரு கொண்டாறாங்க?" என்றார். அதுவும் நிஜம். டாக்டரைப் பார்க்கப் போனால் அரை நாள் சம்பளம் போகும்.

எல்லா மாத்திரையையும் நிறுத்தினேன், கீழாநெல்லியையும் சேர்த்து. அம்மாவுக்கு அதில் கோபம். இரண்டு மாதத்தில் எஸ்ஜிபிடி 38-க்கு இறங்கிவிட்டது. இடுப்பு வலி மட்டும் அப்படியேதான். முதுகு சாய்க்கிற மாதிரி ஒரு நாற்காலி வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு மூன்று வாரம் ஆகிறது.