பாக்டீரியாவுக்குள் மருந்தை ஏற்ற: பயோட்டினா, பி12-ஆ, இரும்பா?

பல ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்க வைக்கும் என்டிஎம்-1 என்ற நொதி பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வில் சென்னையிலிருந்து மட்டும் 44 பாக்டீரியா மாதிரிகள் இருந்தன. மருந்துக்கு அடங்காத, உள்சவ்வு வெளிச்சவ்வு என இரண்டு சவ்வு கொண்ட கிராம்-நெகட்டிவ் கிருமிகள் நமக்கு எங்கோ நடக்கிற கதை இல்லை. கிண்டியிலோ தரமணியிலோ இந்தத் துறையில் புராஜெக்ட் தொடங்குகிறவர்களுக்கு முதலில் முட்டுவது அந்தக் கிருமிகளின் வெளிச்சவ்வு. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள போரின் (porin) என்ற புரதத் துளைகள் வழியே சுமார் 600 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் நுழைவது கஷ்டம். பெப்டைடும் (சிறு புரதத் துண்டு) பிஎன்ஏவும் (டிஎன்ஏ போன்ற செயற்கை மூலக்கூறு) வெளியிலேயே நின்றுவிடும். பாக்டீரியா தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு பொருளோடு சரக்கை, அதாவது மருந்து மூலக்கூறை, கோத்து அனுப்பினால்? அதற்கு மூன்று வழிகளைப் பார்க்கலாம்.

செலவு குறைவு என்றால் பயோட்டின்தான். 244 டால்டன் கொண்ட சிறிய வைட்டமின். பெப்டைடு ஆர்டர் கொடுக்கும்போதே அதன் முனையில் பயோட்டினைச் சேர்த்து வாங்கிவிடலாம். இப்படிச் சேர்த்தால் 31 அமினோ அமிலம் வரை நீளமான பெப்டைடுகள் ஈ.கோலைக்குள் போவதாக வாக்கரும் ஆல்ட்மனும் 2005-இல் காட்டினார்கள். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. உள்சவ்வில் பயோட்டினை ஏற்றும் புரதம் இருக்கிறது, சரி. வெளிச்சவ்வில் அவ்வளவு பெரிய சரக்கு எந்த வழியாகப் போகிறது என்பது தெளிவாக இல்லை. வழி தெரியாதபோது சோதனை சொதப்பினால் காரணத்தைப் பிடிப்பதும் கடினம்.

பி12 அப்படியில்லை. அதற்கென்றே வெளிச்சவ்வில் பிடியுபி (BtuB) என்ற ஏற்பிப் புரதம் இருக்கிறது. பி12-இன் எடையே 1355 டால்டன், ஆக இந்த வாசல் பெரிய சரக்குக்குப் பழகியது. ஈ வகை கொலிசின்கள் என்ற, பாக்டீரியாவைக் கொல்லும் முழுப் புரதங்களே பிடியுபியைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே போகின்றன. பி12-இன் ரைபோஸ் என்ற சர்க்கரைப் பகுதியில் உள்ள 5' ஹைட்ராக்சிலில் சரக்கை இணைத்தால் ஏற்பி அதை அடையாளம் காண்பதில் பெரிய தடை வருவதில்லை. 2017-இல் போலந்துக் குழு ஒன்று இப்படிப் பிஎன்ஏவை ஈ.கோலைக்குள்ளும் சால்மொனெல்லாவுக்குள்ளும் அனுப்பிக் காட்டியது. கைக்கும் வசதியான பொருள்: சிவப்பு நிறம் என்பதால், சேர்மங்களைப் பிரிக்கும் குழாயில் (column) எங்கே இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். வளர்ப்பு ஊடகத்தில் மட்டும் கவனம் வேண்டும். பி12 அங்கே தாராளமாகக் கிடைத்தால் பாக்டீரியா பிடியுபி தயாரிப்பைக் குறைத்துவிடும், உங்கள் சரக்கு வெளியிலேயே நிற்கும்.

ஆனால் மருந்தாக வேண்டும் என்றால் பி12-இன் பலவீனம் பெரியது. ஈ.கோலை பி12 இல்லாமலே மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் செய்துகொள்ளும். பிடியுபியை இழந்தாலும் சாதாரண ஊடகத்தில் அதற்கு நஷ்டம் ஏதும் இல்லை, அதனால் எதிர்ப்பு சுலபமாக வரும். போதாக்குறைக்கு, நம் ரத்தத்திலேயே பி12-ஐப் பிடித்து வைக்கும் புரதங்கள் இருக்கின்றன.

இரும்பு இங்கேதான் முந்துகிறது. இரும்பு கிடைக்காமல் கிருமி நோய் உண்டாக்க முடியாது; அதை இழுக்க ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பிகளை வைத்திருக்கும். இரும்பைப் பிடிக்கும் கேட்டகால் பகுதியைக் கோத்த செஃபிடெரோகோல் என்ற ஆன்டிபயாடிக் 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதலே பெற்றுவிட்டது. இதையும் இரும்பு நீக்கிய ஊடகத்தில்தான் சோதிக்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: செஃபிடெரோகோல் தாக்கும் இலக்கு இரு சவ்வுகளுக்கும் இடையிலேயே இருக்கிறது. உள்சவ்வைத் தாண்டி ஆர்என்ஏவைத் தேடிப் போகவேண்டிய பிஎன்ஏவுக்கு அதே வெற்றியை எதிர்பார்ப்பது தவறு.

ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமினை விட்டுவிடலாம். பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன, வெளியிலிருந்து எடுப்பதில்லை. காசநோய்க் கிருமி தனி வழக்கு. அது பி12-ஐ ஏற்றுகிறது. அதன் சொந்த இரும்புப் பிடிப்பானான மைக்கோபாக்டினோடு ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தைக் கோத்த சேர்மமும் 2011-இல் வேலை செய்தது. காசநோய் ஆராய்ச்சி இவ்வளவு நடக்கும் சென்னையில் இந்தப் பாதையை இன்னும் பலர் எடுக்கவேண்டும் என்பது என் ஆசை.

என் தேர்வு இது: எம்எஸ்சி புராஜெக்டுக்கு, பெரிய சரக்கை ஈ.கோலைக்குள் அனுப்ப, பி12. மருத்துவமனை வரை போகும் கனவு என்றால் இரும்பு. பெப்டைடு மட்டும் கையில் இருந்து காசும் குறைவாக இருந்தால் பயோட்டின். எதை எடுத்தாலும் சரக்கு இணைக்காத வைட்டமினையோ இரும்புப் பிடிப்பானையோ அளவுக்கு மிஞ்சிச் சேர்த்த ஒரு குழாயைக் கூடவே வையுங்கள். அதில் விளைவு மங்கினால்தான் சரக்கு அந்த வாசல் வழியே போனதென்று சொல்ல முடியும். பி12-க்கு, பிடியுபி நீக்கிய ஈ.கோலையையும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.