ரே தீவில் வீடு எடுப்பவர்களுக்கு: முதல் நாளே படம் எடுத்து வையுங்கள்

ஓகஸ்டில் ஒரு கிழமை பிள்ளைகளோடு எங்காவது போய் ஒன்றும் செய்யாமல் கிடக்க வேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான். பாரிசிலிருந்து காரில் ஐந்து மணித்தியாலம் ஓடி, லா ரொஷெல் நகரைத் தாண்டி, பாலத்துக்குக் காசு கட்டினால் பிரான்சின் மேற்குக் கரையில் இருக்கும் ரே தீவு. வீட்டை இணையத்தில் பார்த்து வாடகைக்கு எடுத்தோம். அந்த விளம்பரத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

"கடலுக்கு 300 மீட்டர்" என்று போட்டிருந்தார்கள். படத்தில் நீலத் தண்ணீர், பின்னால் ஆர்ஸ் என்ற ஊர்த் தேவாலயத்தின் கறுப்பு வெள்ளைக் கோபுரம். பின்னேரம் நான்கு மணிக்குப் போய் இறங்கினோம். சின்னவன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினான், பாதை முடிந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டான். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. அதில் சரிந்து கிடந்த இரண்டு வள்ளம். "அப்பா, இண்டைக்குக் கடல் பூட்டா?" என்று கேட்டான்.

அந்தப் பக்கம் இருப்பது ஃபியே தார்ஸ் என்ற உள்குடா. வற்று நேரத்தில் தண்ணீர் வடிந்து சேறு தெரியும். திரும்ப நிறைய ஆறு மணித்தியாலம் ஆகும். படத்தைப் பெருக்கு நேரம் பார்த்து எடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடக்கூடிய மணல் வேண்டுமென்றால் கொன்ஷ் தே பலேன் கடற்கரை வரை சைக்கிள் மிதிக்க வேண்டும். மிதித்தோம். உப்பளங்களுக்கு நடுவே போகும் அந்தப் பாதை நல்ல பாதைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "கடலுக்கு 300 மீட்டர்" என்றால் எந்தக் கடல், எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள்.

சரி, இதுவரை நடந்ததைச் சிரித்துவிட்டுப் போகலாம். அப்புறம் வந்ததுதான் பெரிய அடி.

வீட்டுக்காரரை நாங்கள் கண்ணால் காணவே இல்லை. சாவி வாசலில் ஒரு நம்பர் பூட்டுப் பெட்டிக்குள் இருந்தது. எத்தா தே லியூ, அதாவது வீடு என்ன நிலையில் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடும் தாள், வரும்போதும் இல்லை, போகும்போதும் இல்லை. பயணக் களைப்பில் நானும் கேட்கவில்லை. மூன்று கிழமை கழித்து மெயில் வந்தது: கோசியோன், அதாவது முன்பணமாகக் கட்டி வைத்த பிணைக்காசு, 600 யூரோவும் திருப்பித் தரப்படாது. காரணம், சமையலறை வெள்ளைக் கல்லில் மஞ்சள் கறை, வீடு முழுக்க மசாலா மணம்.

என் மனைவி அதைப் படித்துவிட்டுச் சிரித்ததா அழுததா என்று தெரியவில்லை. மஞ்சள் தூள் பைக்கற்றை அவர் எங்கள் சொந்த வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். அந்தக் கிழமை முழுக்க நாங்கள் வெள்ளை உருளைக்கிழங்குக் கறி சாப்பிட்டோம், ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லிச் சொல்லி. எங்கள் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் "மசாலா" என்று எழுதினார்கள் என்பது என் எண்ணம்.

காப்பாற்றியது ஒரு வத்தகப்பழம். வந்து இறங்கிய அன்று இரவு மகள் அதை வெட்டி, கல்லில் வைத்துத் தோழிக்கு அனுப்பப் படம் எடுத்திருந்தாள். பழத்துக்குப் பக்கத்தில், குழாயடியில், அதே மஞ்சள் வட்டம் தெளிவாகத் தெரிந்தது. போனில் திகதியும் நேரமும் இருந்தன.

இங்கே ஒரு விஷயம். உள்ளே போகும்போது அந்தத் தாள் எழுதாவிட்டால், வீடு நல்ல நிலையில் கையில் தரப்பட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தப் படம் மட்டும் இல்லையென்றால் என் வாய்ப்பேச்சுக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது. பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. பிறகு கொன்சிலியாத்தர் தெ ஜுஸ்தீஸ் என்ற இணக்க அதிகாரியிடம் போனேன். அதற்குக் காசு கிடையாது. 5,000 யூரோவுக்கு உட்பட்ட இப்படியான வழக்குகளில் நீதிமன்றத்துக்கு முன் இதையோ இதுபோன்ற வேறொரு இணக்க முயற்சியையோ செய்துதான் ஆக வேண்டும். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கல்லைத் திருத்திய பில் எங்கே என்று எதிர்ப் பக்கத்தைக் கேட்டார். பில் இல்லை.

380 யூரோ திரும்பி வந்தது. மீதி 220 "துப்புரவுக் கூலி" என்று பிடித்துக்கொண்டார்கள், அதற்கும் இன்றுவரை பில் இல்லை. ஒரு சட்டியை நாங்கள் அடிப்பிடிக்க விட்டது உண்மை. அதைப் பற்றி மெயிலில் ஒரு வரிகூட இல்லை.